இருபத்திரண்டு தலைவர்கள் உள்ள பள்ளிக்கூடம்

வாத்தியார் வேலை என்பது நாற்பது பேரை உட்கார வைத்துவிட்டு, நாம் மட்டும் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிற வேலை. கணுக்கால் வீங்கும், தொண்டை கட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் வந்தேன். தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. அதன் பெயர் கூட்டுத் தலைமை.

மதுரையில் பழங்காநத்தம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு வருஷமாக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் இருந்தால், கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு டீச்சர் கட்டாயம் இருப்பார், காபி கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பட்டம் சூட்டிய நாள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் தாளாளர் ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வந்தவர் எங்களையெல்லாம் ஹாலில் கூட்டி, "இனிமே இந்தப் பள்ளியில முதலாளி, தொழிலாளி கிடையாது. எல்லாரும் தலைவர். ஆசிரியர்கள் கையில பொறுப்பு இருந்தாத்தான் வேலையில திருப்தி வரும்னு அங்க சொன்னாங்க" என்றார். கைதட்டினோம். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் கைதட்டினேன். பதினாறு வருஷத்தில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு பேட்ஜ் குத்தினார்கள். இருபத்திரண்டு ஆசிரியர்கள், இருபத்திரண்டு தலைவர்கள். கணக்கு எடுக்கும் பாத்திமா மிஸ் ஒழுக்கத் தலைவர். சமூக அறிவியல் பாண்டி சார் பேருந்துத் தலைவர். அதாவது காலை ஏழரைக்கே வந்து கேட்டில் நின்று பள்ளி வேன்களுக்கு விசில் ஊத வேண்டும். நான் சுகாதாரத் தலைவர். கழிவறை என் பொறுப்பு என்று அர்த்தம்.

சரி, பொறுப்பு என்றால் பொறுப்பாகச் செய்வோம் என்று கூட்டம் முடிந்ததும் தாளாளர் அறைக்குப் போனேன். "சார், பொண்ணுங்க டாய்லெட்ல மூணு குழாயும் ஒடைஞ்சு கெடக்கு. பிளம்பரை நானே வரச் சொல்லிரவா?" என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தலைமை உங்களுதுதான் மிஸ். முடிவு மட்டும் நான் எடுக்குறேன்."

மேடையில் நிற்க வைத்தார்கள்

அந்தக் குழாய்க்காக மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதம் காணாமல் போனது. இரண்டாவது, ஃபைலில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவதுக்கு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இதற்கிடையில் எட்டாம் வகுப்பில் ஒன்றைக் கவனித்தேன். ஜூலை மாதத்திலும் வெயில் குறையாத ஊர் இது. சாயங்காலம் நான்கு மணிக்கும் பொண்ணுங்க தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டு வந்தபடியே நிறைந்திருந்தது. "ஏன்டி குடிக்கல?" என்று கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். குடித்தால் அங்கே போக வேண்டுமே. போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குப் பாடம் ஓடவில்லை. அந்த வாரத்துப் பாடம் உடலில் நீரின் பங்கு.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். ஒரு அப்பா எழுந்து, "என் மக தினமும் வயித்து வலின்னு வாரா. கேட்டா பாத்ரூம்ல தண்ணி இல்லங்குறா. என்னங்க நடக்குது?" என்று கேட்டார். தாளாளர் மைக்கைப் பிடித்தார். அவருக்குத்தான் தெரியுமே, மூன்று கடிதத்தையும் அவரிடம்தானே கொடுத்தேன், பதில் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு எங்க சுகாதாரத் தலைவர் பதில் சொல்லுவாங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முந்நூறு பெற்றோர் முன்னால், குழாய் உடைந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். காது மடலெல்லாம் சுட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பாண்டி சார் டிபன் பாக்ஸோடு ஒரு ஸ்பானரையும் மூன்று புதுக் குழாயையும் கொண்டு வந்தார். சோழவந்தான் பக்கம் அவர்களுக்கு வயல் உண்டு. பம்புசெட்டு ரிப்பேரெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். மதிய இடைவேளையில் ஆயாம்மாவை வாசலில் காவல் நிறுத்திவிட்டு அரை மணி நேரத்தில் மூன்று குழாயையும் மாற்றினார். எட்டாம் வகுப்புப் பொண்ணுங்க அன்றைக்குப் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்ததைப் பார்த்தேன். சாயங்காலமே அவருக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் பள்ளிச் சொத்தில் கை வைத்ததற்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டுமாம். ஸ்டாஃப் ரூமில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"மிஸ், கெணத்துக்குள்ள விழுந்த மோட்டாரத் தூக்குனப்பக்கூட எங்கய்யா எங்கிட்ட விளக்கம் கேட்டதில்ல. இங்க மூணு குழாய்க்கு ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டிருக்கேன்."

பீரோவுக்குப் பின்னால்

கால அட்டவணையை ஆசிரியர்களே சேர்ந்து முடிவு செய்யலாம் என்று ஒரு சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். விடுமுறை நாள். ஆனாலும் எல்லோரும் வந்தோம். பாத்திமா மிஸ் மூன்று நாள் உட்கார்ந்து பெரிய சார்ட் ஒன்று வரைந்து கொண்டு வந்திருந்தார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு காலையில் இருக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு வைத்தால் பாதிப் பேர் தூங்குகிறார்கள். விளையாட்டு வகுப்பை நீக்கவே கூடாது. இவ்வளவுதான் அவர் கேட்டது. தாளாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டார். "இதத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

நடுவில் டீ வந்தது. டம்ளரை வைக்க இடம் தேடிய பாத்திமா மிஸ் ஆபீஸ் ரூமுக்குள் போனார். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த ஒன்று காலில் தட்டியது. பிரித்துப் பார்த்தால் அந்த வருஷத்துக் கால அட்டவணை. முந்தின நாளே சிம்மக்கல்லில் ஒரு கடையில் பளபளவென்று லேமினேஷன் செய்து வாங்கி வந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு மதியம் இரண்டு மணிக்கு. விளையாட்டு வகுப்பு இல்லவே இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ஹாலில் தாளாளர் இன்னும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் கிளார்க் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் ஓடி வந்தார். மாற்றக் கூடாதா என்று பாத்திமா மிஸ் கேட்டதற்கு அந்த மனுஷன் சொன்ன பதில் இது.

"லேமினேஷன் பண்ணியாச்சே மிஸ், இனிமே அழிக்கக்கூட முடியாது."

எல்லோருக்கும் ஐந்து

ஒரு நாள் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி படிவங்களோடு வந்தாள். ஆசிரியர்களுக்கு வேலையில் எவ்வளவு திருப்தி இருக்கிறது, பள்ளி முடிவுகளில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும்; ஐந்து என்றால் முழுத் திருப்தி. பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் காட்ட மாட்டேன் என்று அவள் நம்பிக்கையாகச் சொன்னாள். பாவம், நல்ல பிள்ளை. அவள் வெளியே போனதும் தாளாளர் உள்ளே வந்தார். "பொறுமையா நிரப்புங்க. முடிச்சிட்டு எங்கிட்ட குடுங்க, நானே சேர்த்துக் குடுத்துர்றேன்" என்றார். படிவம் கொடுத்த வரிசையில் யார் யாருக்கு எத்தனையாவது காகிதம் என்று கிளார்க் குறித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தோம்.

நான் முதல் கேள்விக்கு இரண்டை வட்டமிடப் பேனாவை வைத்தேன். என் மகன் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பேனா தானாக நகர்ந்து ஐந்துக்குப் போய்விட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் எட்டிப் பார்த்தால் அங்கேயும் ஐந்து. அரை மணி கழித்து அந்தப் பெண் படிவக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மேடம், இருபத்திரண்டு பேரும் ஒரே அளவுக்குச் சந்தோஷமா இருக்கிற இடத்த நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. பத்திரமா இருங்க."

பதினோரு நாள்

நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆகஸ்டில் தாளாளர் குடும்பத்தோடு காசிக்குப் போனார். அதே நேரம் முதல்வர் மேடத்துக்கு டைபாய்டு. பதினோரு நாள் எங்களைக் கேட்க ஆள் இல்லை. முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பாத்திமா மிஸ் பத்தாம் வகுப்புக் கணக்கைக் காலைக்கு மாற்றினார். தமிழ் மிஸ் தன் வகுப்பை மதியத்துக்குச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். மூன்றாம் நாள் பாண்டி சார் பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிட்டார். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளை நாலு பேர் பிரித்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். யாரும் யாரையும் அதட்டவில்லை. தகராறும் வந்தது; அதைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பாட்டுக்கு மறுநாள் பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் எதுவும் வந்து உட்காரவில்லை.

பன்னிரண்டாம் நாள் தாளாளர் கங்கைத் தீர்த்தத்தோடு வந்தார். பத்தாம் வகுப்புக் கணக்கு மறுபடி இரண்டு மணிக்குப் போனது. பந்து பீரோவுக்குள் போனது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆயாம்மா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றதை மட்டும் மறக்க முடியவில்லை.

"நாலு மணி பெல்லு அடிச்சா நான் முந்தி நீ முந்தின்னு ஓடுவீக. இப்ப என்ன மிஸ், நான் கேட்டப் பூட்டணும்னு கெஞ்ச வேண்டியதாயிருக்கு?"

மூன்று கையெழுத்து

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இனிமேல் வருவதை என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பில் முத்துமாரி என்று ஒரு பெண், கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயில். அம்மா சிம்மக்கல்லில் வாழைப்பழம் விற்கிறவர். அப்பா இல்லை. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புகிற நேரம் அது. அவள் பெயர் போனால் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று தாளாளருக்குக் கவலை. டி.சி.யைக் கையில் கொடுத்து, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்றார். "ஆனா நான் முடிவெடுக்க மாட்டேன். கல்விக் குழு நீங்க மூணு பேரும் பேசி முடிவெடுங்க" என்று பாத்திமா மிஸ், பாண்டி சார், நான் மூவரையும் உட்கார வைத்தார்.

இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பிள்ளைக்குப் பின்னத்திலேயே தகராறு, ஐந்தாம் வகுப்பிலேயே யாரோ விட்டுவிட்டார்கள், மூன்று மாதத்தில் கரையேற்றிவிடலாம் என்றார் பாத்திமா மிஸ். அறிவியலை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அவள் இங்கேயே படிக்கட்டும் என்று மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வந்தோம். வெளியே வரும்போது கிளார்க் ஒரு தாளை நீட்டி, கூட்டத்துக்கு வந்ததற்குக் கையெழுத்து என்றார். மேலே வெறும் தாள். கீழே மூன்று கையெழுத்துப் போட்டோம். ஆமாம், படித்த முட்டாள்கள்தான். திட்டிக்கொள்ளுங்கள், நானும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் கேட்டில் முத்துமாரியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், சேலையில் வாழைக் கறை. ஒரு கையில் டி.சி. இன்னொரு கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். வாங்கிப் பார்த்தேன். "இம்மாணவியைப் பள்ளியிலிருந்து விடுவிக்கக் கல்விக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது" என்று அழகாக டைப் அடித்திருந்தது. கீழே எங்கள் மூவரின் கையெழுத்து. அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களுமா டீச்சர் கையெழுத்துப் போட்டீக? வீட்டுக்கு வந்தா எம்பொண்ணு ஒங்க பேரத்தான டீச்சர் சொல்லிக்கிட்டே இருப்பா."

பிரேயருக்கு முன்னால்

அந்த அம்மாவை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் நாங்கள் மூவரும் மைதானத்து ஓரத்தில் நின்றோம். பாத்திமா மிஸ் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாது. மிஸ் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. அதனால் நீங்கள் விலகிக்கொள்ளுங்கள், நாங்கள் இரண்டு பேர் எழுதித் தருகிறோம் என்றேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கு அந்தப் புள்ள என்னைய ரோட்டுல பாத்தா நான் எந்தப் பக்கம் மொகத்தத் திருப்புறது? பேப்பரக் குடுங்க மிஸ்" என்றார். முதல் கையெழுத்து அவர் போட்டதுதான்.

கடிதத்தில் சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் போட்டது வருகைக் கையெழுத்து. மேலே உள்ள தீர்மானம் எங்களுடையது அல்ல. அந்தப் பெண் இதே பள்ளியில் தேர்வு எழுத வேண்டும் என்பதே எங்கள் முடிவு. அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்தோம். மறுநாள் காலை ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பிரேயர் பெல்லுக்கு முன்னாலேயே நான்கு பேருமாகத் தாளாளர் அறைக்குள் போனோம். படித்தார். முகம் சிவந்தது. "உங்கள நம்பித்தானே தலைமையக் குடுத்தேன்? இது துரோகம்" என்று மேசையைத் தட்டினார். மகனின் முகம் கண் முன்னால் வந்து போனது. "குழு எடுக்கிறதுதான் முடிவுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. குழு எடுத்த முடிவு இதுதான்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பெயரை நீக்கினால் வேறு வழியில்லாமல் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று பாண்டி சார் சொன்னார். தாளாளர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் நகரவில்லை. முத்துமாரியின் அம்மா டி.சி.யை மேசை மேல் வைத்து, அவர் பக்கமாக மெதுவாகத் தள்ளினார்.

"இது எங்களுக்கு வேணாம் சார், நீங்களே வச்சுக்கங்க. எம்மக யூனிபாரம் போட்டுக்கிட்டு வெளிய நிக்கிறா."

அதற்குப் பிறகு

முத்துமாரி எங்கள் பள்ளியிலேயே பொதுத்தேர்வு எழுதினாள். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறினாள், அறிவியலில் எனக்கே ஆச்சரியமான மார்க். ரிசல்ட் வந்த மறுநாள் கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ்: "நூறு சதவீதத் தேர்ச்சி! கூட்டுத் தலைமையின் வெற்றி!" தாளாளர் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கல்விக் குழு அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. பாண்டி சாருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது. என்னை உயர்நிலை வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த பாத்திமா மிஸ்ஸை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த ஆர்டரைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அவர் மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று, கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"விடுங்க மிஸ், பின்னம் இங்கதான ஆரம்பிக்குது. இங்கேயே ஒழுங்காச் சொல்லிக் குடுத்துட்டா, எந்தப் புள்ளைக்கும் டி.சி. அடிக்க வேண்டி வராது."

இப்போது யாராவது என்னிடம் வந்து வேலையில் திருப்தியா என்று கேட்டால், பாடம் நடத்துகிற நாற்பது நிமிஷம் திருப்தி, மற்ற நேரமெல்லாம் தலைமை என்றுதான் சொல்கிறேன்.